ஜப்பானியப் பழைய அக்கூஸ்டிக் கிதார்கள்

1960களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஜப்பானில் செய்யப்பட்ட எஃகுத் தந்திக் கிதார்களையே சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தேடுகிறார்கள். அமெரிக்கக் கிதார் நிறுவனமான மார்ட்டினின் மலிவு நகல் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவை இவை. இன்று அதே நகல்தன்மைக்கு ‘வழக்குக் கிதார்’ என்று பட்டம் சூட்டிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். இரண்டுமே வரலாற்றோடு பொருந்தவில்லை. 1977இல் அமெரிக்கக் கிதார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஜப்பானிய ஐபனீஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் மீது தொடுத்த வழக்கு, எலெக்ட்ரிக் கிதாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. அது சமரசத்தில் முடிந்தது. மார்ட்டினுக்கு அதில் பங்கே இல்லை. மாறாக, 1970 முதல் ஜப்பானில் செய்வித்த கிதார்களை ‘சிக்மா’ என்ற பெயரில் மார்ட்டினே விற்றது.

இந்தக் கருவிகளின் பிறப்புக்கு உள்நாட்டுத் தேவையே முதல் காரணம். ஜப்பானிய இளைஞர்களிடம் ஃபோக் இசை அலை எழுந்தபோது, 1966இல் யமஹா எஃப்ஜி-180, எஃப்ஜி-150 ஆகியவற்றை வெளியிட்டது. ‘எஃப்ஜி’ என்பது ஃபோக் கிதார். எண்ணோ விலையைச் சொன்னது, 180 என்றால் 18,000 யென். பெரிய உடல் அமெரிக்க மரபை ஒட்டியதுதான். தலைப்பகுதி யமஹாவின் சொந்த வடிவம். 1969 உட்ஸ்டாக் மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் வாசித்தது எஃப்ஜி-150. உள்ளே யமஹாவின் அன்றைய நிறுவனப் பெயரான ‘நிப்பான் கக்கி’ என்ற சிவப்பு லேபிள் உள்ள அந்தக் காலத்துக் கிதார்களுக்கு இன்று தனி மதிப்பு உண்டு.

அவற்றின் மேல்பலகை ஒட்டுப்பலகைதானே, அதற்கா இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். திட ஸ்ப்ரூஸ் மரத்தின் ஒலி ஆழம் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் வறட்சியிலும் ஈரத்திலும் ஒட்டுப்பலகை எளிதில் வெடிப்பதில்லை. மாணவர்கள் கையில் அடிபட்டும் பல கருவிகள் இன்றும் பாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடினமான எதிர்வாதம் வேறு: சில தயாரிப்பாளர்கள் மார்ட்டினின் தலைப்பகுதியையும் எழுத்து வடிவத்தையும்கூட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிஃபு மாகாணத்தின் கானி ஊரில் கசுவோ யாய்ரியின் பட்டறை காட்டிய கைநேர்த்தியை நகல் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்க முடியாது.

ஆகவே வாங்குபவர் பட்டத்தை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்க்க வேண்டும். பல்லாண்டு தந்தி இழுப்பில் கழுத்தின் கோணம் சாய்ந்து, தந்திகள் விரற்பலகையைவிட்டு உயர்ந்துவிடுகின்றன. கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் செலவு, எளிய மாடல்களில் கிதாரின் விலையையே விழுங்கிவிடும். பிரிட்ஜில் தந்திகளை இன்னும் இறக்க இடமிருக்கிறதா என்று பார்த்து, மேல் ஃப்ரெட்டுகள் வரை வாசித்த பிறகு விலை பேசுவதே சரி.