உளி கை மாறிய கதை

கர்நாடகத்தில் சிற்பம் என்றதும் ஜக்கணாச்சாரி கதையைச் சொல்வார்கள். ஹொய்சளர் காலத்துப் பேலூர் கோயிலுக்கு அவர் வடித்த சிலையில் குறை இருக்கிறது என்கிறான் ஓர் இளைஞன். "காட்டு, வலக்கையை வெட்டிக்கொள்கிறேன்" என்கிறார் இவர். சிலைமேல் சந்தனம் பூசுகிறார்கள். எல்லா இடமும் காய, தொப்புள் பக்கம் மட்டும் ஈரம். உளி வைத்தால் உள்ளே தேரை! கை போயிற்று. இளைஞன் அவருடைய மகன்தான் என்பது பிறகு தெரிகிறது. ஹொய்சளச் சிற்பங்களில் பெயர் பொறித்திருப்பவர்கள் மல்லிதம்மா போன்ற வேறு ஆட்கள். ஆகவே கதையை வரலாறாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உளி அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. மகளுக்கு அதில் இடமே இல்லை.

அந்த உளியைக் கையிலெடுத்த ஒரு மகள் கனகா மூர்த்தி. டி. நரசீபுரத்தில் 1942-ல் பிறந்த அவர் பெங்களூருக்கு வந்து அறிவியல் பட்டம் பெற்றவர். கலாமந்திரம் ஓவியப் பள்ளியில் பயின்றார். சிற்பி தேவலகுந்த வாதிராஜிடம் சிஷ்யையாகச் சேர்ந்தார்.

மரபுச் சிற்பத்தில் கணக்குதான் முதல் பாடம். சிலையின் முகநீளம் ஒரு தாலம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஓர் அங்குலம். துணி அளக்கும் அங்குலம் வேறு. விஷ்ணுவுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து. கோடு போட்ட பிறகே உளி. ஹொய்சளர்கள் கையாண்ட மாக்கல் வெட்டியெடுத்த புதிதில் இளகலாக இருக்கும், போகப்போக இறுகும். பேலூர்ச் சிலைகளின் நகைகளில் அத்தனை நுணுக்கம் வந்தது அதனால்தான். ஓவியன் பிழையின் மேல் இன்னொரு வண்ணம் பூசலாம். கல்லில் சிதறியது சிதறியதுதான்.

தெய்வ உருவங்களோடு, தாலக் கணக்குக்குள் அடங்காத மனித முகங்களையும் கனகா வடித்தார். கர்நாடக அரசின் ஜக்கணாச்சாரி விருது 2011-ல் வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அப்போது அறுபதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது.

அமெரிக்காவிலும் இதே தாமதம். கறுப்பினப் பெண் ஓவியர் ஆல்மா தாமஸ் வாஷிங்டனில் 35 ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது 1972-ல், அவருடைய 80-வது வயதில். தள்ளாத வயதில் சாதனை என்று இதையெல்லாம் கொண்டாடுகிறோம். எனக்கென்னவோ, தாமதித்தவர்களைத்தான் கேள்வி கேட்கத் தோன்றுகிறது.

கனகா மூர்த்தி 2021 மே மாதம் கொரோனாவில் காலமானார். கப்பன் பார்க் பக்கம் போனால் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, அவர் செய்த ரைட் சகோதரர்கள் சிலையைப் பாருங்கள். கூட வரும் பிள்ளைகளிடம் செய்தவர் பெயரையும் சொல்லுங்கள்.