புதுச்சேரி தூர்தர்ஷன்

புதுச்சேரி தூர்தர்ஷன் என்பது புதுச்சேரி நகரில் இயங்கும் பொதுச் சேவைத் தொலைக்காட்சி நிலையம். இது, 1997 முதல் செயல்பட்டுவரும் பொது ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் ஓர் உறுப்பு. தமிழ் ஒளிபரப்பில் சென்னை தூர்தர்ஷன் (1975) மூத்தது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடர்ச்சியற்ற நான்கு பகுதிகளைக் கொண்டது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசுபவை. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. பெரிய தமிழ்த் தனியார் அலைவரிசைகள் சென்னையை மையமாகக் கொண்டவை. ஆகவே புதுச்சேரியின் சட்டப்பேரவை, மீனவர் வாழ்வு, பிரெஞ்சு ஆட்சிக்கால நினைவு ஆகியவற்றுக்குத் திரையில் இடம் கிடைக்க உள்ளூர் நிலையம் இன்றியமையாதது.

புயல் எச்சரிக்கைக்கும் உள்ளூர் நிலையம் உதவும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தது. இத்தகைய கடற்கரையில் ஊர்ப்பெயர் சொல்லி எச்சரிக்கும் ஒளிபரப்பின் பயன் பெரிது.