நோட்டன் பிரிட்ஜ்: கொழுந்தும் மின்னொளியும்

ஊர் வரலாறு என்றதும் அரசர் பெயரையும் கோயிற் கல்வெட்டையும் தேடுவது நமது வழக்கம். ஹட்டனுக்கு அண்மையில், கெஹெல்கமு ஓயாக் கரையிலுள்ள நோட்டன் பிரிட்ஜில் அவ்வாறு தேடினால் வெறுங்கையோடு திரும்புவோம். அவ்வூரின் வரலாறு அதன் இரு தொழில்களிலே இருக்கிறது.

முதலாவது தேயிலை. 1869-ல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த பின்னர், மலைச்சரிவெங்கும் தேயிலை படர்ந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்த ஏழை மக்களே அதை வளர்த்தனர். விடியலில் பெரட்டுக்களம், பகலெல்லாம் முதுகிலே கூடை, மாலையில் கொழுந்து நிறுவை. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தவர்களும் அவர்களே.

இரண்டாவது மின்சாரம். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-ல் வாதிட்டார். 1924-ல் தொடங்கிய லக்ஷபான வேலை இடையில் நின்று, 1950-ல்தான் நிறைவேறியது. நோட்டன் அணையில் தேங்கிய நீர் லக்ஷபான மின்நிலையத்தை இயக்கியது. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் இயங்கும் 50 மெகாவாட் மின்நிலையமொன்று 1965-ல் நோட்டன் பிரிட்ஜிலேயே எழுந்தது. அது விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே.

ஆனால் இந்த ஆண்டுகளை வேறு சில ஆண்டுகளோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். 1948-ல் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1949-ல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அதற்கு அடுத்த ஆண்டிலேதான் லக்ஷபான ஒளி கொழும்பை நோக்கிப் புறப்பட்டது! அந்த மலைகளின் லயங்களிலோ பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

தூரம் இதற்குக் காரணமாகுமா? மின்கம்பிகள் அவர்களின் தலைக்கு மேலேயே சென்றன. லயம் தோட்டத்தின் உடைமை. அதில் வாழ்ந்தவருக்கோ வாக்கில்லை. விளக்கு வேண்டுமென்று யார், யாரிடம் கேட்பது? நீரின் போக்கை மலைச்சரிவு தீர்மானிக்கிறது. மின்சாரத்தின் போக்கை அதிகாரம் தீர்மானிக்கிறது.

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. இன்றும் அவர்களில் மிகப் பலருக்குத் தாம் வாழும் மண்ணில் உரிமைப் பத்திரம் இல்லை.

அணையின் கொள்ளளவை மாணவருக்குக் கற்பிக்கும் நாம், அதன் அருகே இருளில் கொழுந்து நிறுத்துக் கொடுத்தவர்களின் கதையையும் கற்பிப்போமாக. அவர்களை விட்டு எழுதப்படும் ஊர் வரலாறு ஊரின் வரலாறு ஆகாது.