குரலுக்கும் சேரி உண்டு

பாட்டுக்குச் சாதி கிடையாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்கள். தெருவில் நின்று கேட்ட நமக்குத் தெரியும், எந்தக் குரலை எங்கே வைத்தார்கள் என்று. எல்.ஆர். ஈஸ்வரி பிறந்த சாதி இங்கே பேச்சல்ல. அவர் குரலுக்கு இந்தச் சமூகம் எந்தச் சாதியைக் கொடுத்தது என்பதே பேச்சு.

1939இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது முழுப்பெயர். தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு போன பெண்ணும் கோரஸில் நின்றார். கோரஸ் என்றால் என்ன? குரல் வேணும், பேர் வேணாம். அவ்வளவுதான். 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் அவரைத் தனியாகப் பாடவைத்தார். 1961இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு ஊரெல்லாம் கேட்டது. இன்றைக்கும் பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் கவனியுங்கள்: அதில் அவர் மணப்பெண்ணின் குரல் அல்ல, தோழியின் குரல்.

அதன்பிறகு பங்கீடு உறுதியானது. அடக்கமான கதாநாயகிக்கு ஒரு குரல். கிளப்பில் ஆடுகிறவளுக்கும், வில்லனின் கூட்டாளிக்கும், தெருவில் கூவி விற்கிறவளுக்கும் ஈஸ்வரி. 1966இல் 'வல்லவன் ஒருவன்' படத்தில் வேதாவின் இசையில் கிளப் பாட்டு. 1968இல் 'பணமா பாசமா'வில் இலந்தப்பழக்காரி. 1969இல் 'சிவந்த மண்'ணில் சாட்டையடி வாங்கிக்கொண்டே பாடும் பெண். மூச்சு, விக்கல், சிரிப்பு, அலறல் எல்லாம் அந்தக் குரலில் இருந்தன. உடம்பு இருந்தது. உழைக்கிறவளுக்கு உடம்பை மறைத்துப் பாடத் தெரியாது. மேல்சாதி அழகியலுக்கு ஆகாதது அந்த உடம்புதான்.

அந்தப் பாட்டுகளை விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்கள் எழுதி, ஆண்கள் இசையமைத்து, ஆண்கள் பார்ப்பதற்காக எடுத்தவை அவை. ஆனால் பழி மட்டும் பாடினவளுக்கும் ஆடினவளுக்கும் போனது. எங்கள் தென்னூர் வீட்டில் ரேடியோவில் கிளப் பாட்டு வந்தால், "ஆட்டக்காரி பாட்டு, அணை" என்பார்கள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் மாதவியின் அரங்கேற்றத்தை நாள்கணக்கில் நடத்தினார்கள். செத்துப்போன ஆடல்மகள் இலக்கியம். நம் காலத்து ஆடல்மகளுக்குக் குரல் கொடுத்தவள் ஆபாசம். இது என்ன நியாயம்?

அரசாங்கமும் இதில் சளைத்ததல்ல. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். சாஸ்திரிய இசையால் மக்களின் ரசனையைத் திருத்தப் போகிறார்களாம்! சனங்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று.

பிறகு அம்மன் பாட்டுகள் வந்தன. கிளப்பில் பாடிய அதே தொண்டை, மாரியம்மனைக் கூப்பிட்டது. பூச்சொரிதல் காலத்தில் மஞ்சள் துணி கட்டிச் சமயபுரம் நடக்கிற சனத்துக்கு வழி நெடுக ஈஸ்வரிதான். அம்மை நோய்க்கு அஞ்சி, வேப்பிலை சொருகி, கூழ் ஊற்றிக் கும்பிட்ட சாமிக்குச் சங்கீத சபையின் குரல் பொருந்துமா? சாமி வந்து ஆடுகிறவளுக்கு உடம்புள்ள குரல்தான் வேணும். ஒரு கத்தோலிக்கப் பெண் பாடியதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. எத்தனையோ ஊர்களில் தேர் நம் தெருவுக்கு வராது. கொழா ஸ்பீக்கர் வந்தது. தேர் வராத தெருவுக்கு அம்மன் இந்தக் குரலில்தான் வந்தாள்.

2011இல் 'ஒஸ்தி'யில் தமன் இசையில் குத்துப்பாட்டு. 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடிக் குத்துக்கும் அவரே பாடினார். எண்பது வயதிலும் கூப்பிட்டார்கள். குத்துக்கும் அம்மனுக்கும்தான் கூப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈஸ்வரிக்காவது பெயர் மிஞ்சியது. அவர் தாயைப்போல் கோரஸில் நின்றவர்கள், நாடகக் கொட்டகையில் பாடியவர்கள், கரகம் தூக்கி ஆடிப் பாடியவர்கள் எத்தனை பேர்! அவர்களை அறிந்த கிழவிகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள் தோழர்களே. இந்த வரலாற்றைப் பல்கலைக்கழகம் எழுதித் தராது.