விடாயும் விடாயாற்றியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைவரை போகும் பேருந்தில், நடுவயதுப் பெண்கள் இருவர் உடம்பைப் பற்றிப் பேசினால், ‘நின்னுபோச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நின்றது எது என்பதை ஏட்டுத் தமிழ்தான் சொல்லும்: மாதவிடாய்.

சொல்லன்பர்களே, இதன் முன்பாதியான மாதம், வடமொழி ‘மாச’த்தின் வழி வந்த விருந்தாளி, நம் வீட்டுச் சொல் திங்கள். 1821-இல் பிரெஞ்சு மருத்துவர் கார்தான் இந்த நிற்றலுக்கு ‘மெனோபாஸ்’ என்று பெயரிட எடுத்துக்கொண்ட கிரேக்க ‘மென்’ என்பதும் மாதமே. ‘மாச’த்துக்கு நெருங்கிய உறவு. பின்பாதியில்தான் வழி பிரிகிறது. கிரேக்கச் சொல் வெறும் நிறுத்தத்தைச் சொல்ல, நம் விடாயோ களைப்பையும் நீர்வேட்கையையும் ஒருங்கே சுமக்கிறது. அந்த நெடில் ‘டா’வில் நாவே சற்று இளைத்து நிற்கிறது.

பெயர் எப்படியோ, மெனோபாஸ் மருந்து விளம்பரத்தின் தொனியும் அப்படியே. 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘பிரமரின்’ மாத்திரையின் பெயரைப் பிரித்தால், சினைக்குதிரையின் சிறுநீர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் துண்டுகள் உதிரும். மருந்தை வடித்ததும் அதிலிருந்தே. அறுபதுகளில் அதன் விளம்பரம் ஒன்று, கணவன்மாருக்கும் இம்மருந்து பிடிக்கும் என்று மருத்துவர்களிடம் பேசியது. விடாய் மனைவிக்கு, ஆறுதல் கணவனுக்கு என்று பங்கு பிரித்த நகை அது. அதில் பெண்ணின் குரலே இல்லை.

தமிழில் விளம்பரம் எழுதுவோர் அந்த நகையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. தேரிலும் வாகனங்களிலும் வீதி சுற்றிய சாமி இளைப்பாற, திருவிழா முடிந்தபின் எடுக்கும் விழாவை நம் கோயில்கள் விடாயாற்றி என்கின்றன; மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் அந்நாள்களில் மாலைதோறும் கச்சேரி உண்டு. ஆறுதல் தன்வினை, ஆற்றுதல் பிறவினை. விடாய் தானே ஆறிவிடும் என்று விட்டுவிடாமல், ஆற்றுவதற்கு ஆள் வேண்டும் என்பதை அந்த வல்லின இரட்டிப்பே உணர்த்துகிறது.

‘உடம்பு காந்துது, ராத்தூக்கமே இல்ல’ என்பவளிடம் வேடிக்கையாகவும் பேசலாம். அது அவளே தோழியிடம் சொல்லிச் சிரிக்கக்கூடிய வேடிக்கையாக இருக்கட்டும். மருந்தோ, மருத்துவரோ, வீட்டாரின் கைத்துணையோ, அவளுக்கு வேண்டியதை முன்வைக்கும் விளம்பரத்துக்குத் தலைப்பு ஆயத்தமாகவே இருக்கிறது: விடாயாற்றி.