வட்டுக்கோட்டையில் ஒரு கிரகண இரவு

தமிழர் நடுவே ஓர் உயர்கல்வி வளாகம் தன் வாசலை ஊருக்குத் திறந்துவிட்ட நாட்களில் எது முதன்மையானது என்று கேட்டால், பட்டமளிப்பு விழா எதையும் நான் சுட்டமாட்டேன். 1829 மார்ச் 20ஆம் திகதி இரவைச் சுட்டுவேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் அன்று சந்திர கிரகணம் பார்க்க மக்கள் கூடினார்கள். கிரகணம் பார்ப்பது அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அன்றைய கிரகணத்துக்கு இரண்டு கணிப்புகள் இருந்தன. ஒன்று, அயலூரான அராலியின் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாருடையது. மற்றது, செமினரியின் தலைவர் டானியல் பூவருடையது. கிரகணம் பிடிக்கும் நேரம், அது நீடிக்கும் பொழுது, சந்திரன் மறையும் அளவு ஆகிய மூன்றிலும் இரண்டும் வேறுபட்டன. வேறுபாடு முன்கூட்டியே ஊரில் பேசப்பட்டிருந்தது. கடைசியில் செமினரியின் கணக்கே வானத்தோடு ஒத்துவந்தது. யார் வென்றார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஒரு கல்வி நிறுவனம் தன் பெயரை ஊரார் கண்முன் முன்கூட்டியே பணயம் வைத்தது. ஒரு வளாகம் நடத்தும் பொதுநாளுக்கு மதிப்பு வருவது, நடத்துகிறவர்கள் தோற்கவும் அதில் இடம் இருக்கும்போதுதான். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

அந்த வளாகம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். பூவர் தெல்லிப்பழையில் பள்ளி நடத்தி, 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார். கல்லூரி ஒன்றை நிறுவவே மிஷன் விரும்பியது. ஆங்கிலேய அரசு அதற்கு இசையாததால் செமினரி என்ற பெயரே நிலைத்தது. பெயர் சமயப் பள்ளியினுடையதாக இருந்தாலும், பாடங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம், தருக்கம் எல்லாம் கற்பிக்கப்பட்டன. 1850இல் இலங்கையின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதி வெளியிட்ட எமர்சன் டெனன்ற், இந்தக் கூடத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத் தயங்கவில்லை. மாணவர்களின் பரீட்சைகளும் வெளியார் முன்னிலையில் நடந்தன. அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் வந்திருந்து கேட்க, மாணவர் எழுந்து நின்று விடை சொல்லவேண்டும். நீதியரசர் சேர் றிச்சர்ட் ஒட்லி போன்றவர்களின் ஆதரவு இவ்வாறுதான் கிடைத்தது. ஒட்லி மண்டபம் என்ற பெயர் அவருடைய நினைவாக நின்றது. அறிவை நாலுபேர் முன் நிறுத்திச் சோதிப்பது அந்த வளாகத்தின் நடைமுறையாகவே இருந்ததால், கிரகண இரவும் அதிலிருந்து இயல்பாகப் பிறந்தது.

எதிர்த்தரப்பைக் குறைத்து மதிப்பிட்டால் அந்த இரவின் பொருள் விளங்காது. பஞ்சாங்கக் கணிதம் மூடநம்பிக்கை என்றும், அதை மேலைநாட்டு அறிவியல் முறியடித்தது என்றும் எழுதிவிடுவது எளிது. உண்மை அத்தனை எளிதாக இல்லை. அந்தக் கிரகண இரவுக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1825இல், சென்னை அரசின் ஊழியத்தில் இருந்த ஜோன் வாரன் தம்முடைய 'கால சங்கலித' என்ற நூலில் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த கணித வாக்கியங்களைக் கொண்டே, ஏடு எதையும் பாராமல், 1825 மே 31 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் அவருக்கு நேர்ந்த பிழை 4 நிமிடம். நடுப்பொழுதில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின. பண்டைய வானியலின் வரலாற்றை எழுதிய ஒட்டோ நொய்கபவர் இருபதாம் நூற்றாண்டில் இந்தக் குறிப்பை எடுத்து ஆராய்ந்து, பல நூற்றாண்டுகளாக அறுபடாத ஒரு கணித மரபின் சான்றாகக் கொண்டார். அராலிச் சாஸ்திரியாரும் இத்தகைய மரபில் நின்றவர்தான். எனவே வட்டுக்கோட்டையில் அன்று எதிரெதிரே நின்றவை இரண்டு கணித முறைகள். இரண்டும் தேர்ந்தவர்களிடம் இருந்தன, இரண்டும் எண்களாகச் சொல்லக்கூடிய முடிவைத் தந்தன. அதனாலேயே சோதனை நியாயமாக அமைந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பூவரின் நோக்கம் வானியலைப் பரப்புவதன்று, சைவரைக் கிறிஸ்தவராக்குவதே என்பது அது. பஞ்சாங்கத்தில் பிழை காட்டினால் புராணமும், புராணத்தோடு சமயமும் ஆட்டம் காணும் என்று மிஷனரிமார் நம்பினார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்லவேண்டும். சாஸ்திரியாரின் கணக்கைச் சோதனைக்கு இழுத்தவர்கள், தங்கள் வேதாகமத்தின் படைப்புக் கதையை அதே முற்றத்தில் அதே அளவுகோலுக்கு உட்படுத்தவில்லை. கணிதத்தில் தோற்கத் துணிந்த வளாகம் சமயத்தில் அந்தத் துணிவைக் காட்டவில்லை. ஆனால் நோக்கம் ஒருதலைப்பட்சமாக இருந்ததால் சோதனையும் ஒருதலைப்பட்சமாகிவிடாது. நேரம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. கடிகாரமும் வானமும் எல்லாருக்கும் பொது. கையால் போட்ட நீண்ட கணக்கில் ஓரிடத்தில் பிசகியிருந்தால், நகைப்புக்கு ஆளாகியிருப்பவர் பூவர்தான். மேலைநாட்டு அட்டவணைகள் துல்லியமானவை, அவர் துணிந்தது சிறிய ஆபத்துக்குத்தான் என்று சொல்லலாம். அது சிறியதாக இருந்திருக்கலாம், ஆனால் ஊரார் முன்னிலையில் எடுத்த ஆபத்து. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

நோக்கம் ஒன்றாகவும் விளைவு வேறாகவும் போனதே இந்த வாதத்துக்குக் கிடைக்கும் சிறந்த சான்று. ஊர் மதம் மாறிவிடவில்லை. றிச்சர்ட் ஃபொக்ஸ் யங்கும் எஸ். ஜெபநேசனும் இந்தக் காலத்துச் சமயச் சர்ச்சைகளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட நூலைப் படிப்பவர், சைவர்கள் வாய்மூடி நின்றதாக இனி நினைக்கமாட்டார். மிஷனின் உதயதாரகை இதழ் 1841இல் தொடங்கியதும் வாதங்கள் அச்சேறின. ஆறுமுக நாவலர் 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். பொதுமக்கள் முன் நின்று காரணம் காட்டிப் பேசும் முறை இப்போது எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. செமினரியின் உள்ளேயும் மாற்றம் நேர்ந்தது. பூவருக்குப் பின் தலைவரான ஹென்றி ஹொய்சிங்ரன், உள்ளமுடையான் என்ற தமிழ்ச் சோதிட நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கங்களோடும் 1848இல் பதிப்பித்தார். முறியடிக்கப் புறப்பட்டவர்கள் ஆழ்ந்து கற்க வேண்டியவர்களானார்கள். பஞ்சாங்கக் கணிதர்களில் சிலரோ பின்னாளில், வானத்தில் காண்பதோடு ஒத்துவரும்படி திருத்திய கணிப்பு முறையான திருக்கணிதத்தை ஏற்றார்கள். யாழ்ப்பாணத்தில் பழைய முறையிலான வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. கணக்கு திருந்தியது, கோயில் நின்றது. சமயத்தைக் கைவிடாமலே கணக்கைத் திருத்திக்கொள்ளலாம் என்பதை ஊர் தானே கண்டுகொண்டது. அந்த முடிவை மிஷனரிமார் எதிர்பார்க்கவில்லை. நேர்மையாக நடந்த சோதனை, அதை நடத்தியவரின் கட்டுக்குள் நிற்பதில்லை.

செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மிஷன் ஊழியத்துக்கு ஆட்களைத் தராமல் அரசாங்க உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்பது அமெரிக்கத் தலைமையின் மனக்குறை. இரண்டு ஆண்டு கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும், இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அவர்கள் வழியாக ஒரு மாற்றத்தையும் காணலாம். வட்டுக்கோட்டையில் பரீட்சையும் பொதுநாளும் ஒன்று. சென்னையில் பரீட்சை மூடிய அறைக்குள் போயிற்று, வெளியே மிஞ்சியது பட்டமளிப்பு. 1879இல் கட்டி முடிந்த செனட் மண்டபத்தின் கம்பீரமும் அங்கியும் ஊர்வலமும் அந்த நாளுக்கு அழகு சேர்த்தன. ஆனால் மேடையேறும்போது எல்லாம் முடிவாகியிருந்தது. வந்தவர்கள் கைதட்டலாம், கேள்வி கேட்க எதுவும் இல்லை. பட்டமளிப்பை நான் பழிக்கவில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளையைப் பார்க்க வரும் தாய்தகப்பனுக்கு அந்த நாள் வாழ்நாள் உழைப்பின் பலன். அதைக் கொண்டாடுவது சமுதாயத்தின் கடமை. என் குறை வேறு. கொண்டாட்டம் மட்டுமே வளாகத்தின் பொதுமுகமானால், ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே மரியாதை வளரும், உரையாடல் வளராது.

இலங்கையின் சொந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலும் இதே சாய்வு தெரிகிறது. 1942இல் பிறந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனையில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் முறைப்படியான திறப்பு 1954 ஏப்ரல் 20ஆம் திகதி, எலிசபெத் அரசியாரின் வருகையின்போது, எடின்பரோ கோமகன் கையால் நடந்தது. ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்த வளாகத்தை மறுபடியும் திறப்பது நாட்டுக்குப் பெருமையாக இருந்திருக்கும். பேராதனை அந்த நாளில் எதையும் பணயம் வைக்கவில்லை. 1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அறிவியல் வகுப்புகள் முதலில் வட்டுக்கோட்டையில்தான் நடந்தன. கிரகணம் பார்த்த அதே ஊருக்குப் பல்கலைக்கழகக் கல்வி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் திரும்பியது. ஊரைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திச் சோதித்துக்கொள்ளும் பழக்கம் அதனோடு கூடவே திரும்பவில்லை.

இன்னொரு மறுப்பு, சாதாரண மக்களால் ஆய்வை எடைபோட முடியுமா என்பது. உண்மை கைதூக்கி முடிவெடுப்பதில்லை என்பது சரி. ஆனால் 1829இல் யாரும் வாக்களிக்கவில்லை. முன்பே சொன்னது நடந்ததா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். மேலும், வாசலுக்கு வெளியே நிற்பவர் அறியாதவர் என்ற எண்ணமே தவறு. இதற்குக் கற்பிட்டிக் குடாநாடு சான்று தருகிறது. இலங்கையில் பல்கலைக்கழகம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 1807இல், கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தீவின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தொகுத்த விவரக் களஞ்சியத்தை 1834இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிய 'தமிழ் புளூராக்' 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. அதை அச்சிட்ட அச்சகம் அமெரிக்க மிஷனின் பழைய அச்சகத்திலிருந்து வந்தது. பட்டத்துக்கு வழியில்லாத கடலோரம் ஒன்று, பல்கலைக்கழகங்கள் பின்னால் நம்பி எடுத்தாளும் நூல்களைத் தந்திருக்கிறது.

அதே குடாநாட்டின் மேற்குக் கரையில் கண்டக்குழி என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அதற்கு நேரே கடலில் கிடக்கும் பார் ரீஃப் பவளப்பாறைத் திட்டு 1992இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல் சூடேறியபோது அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. அதன் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. இழுவைமடித் தொழிலுக்கு 2017இல் சட்டத்தால் தடை வந்தது. இவை ஒவ்வொன்றையும் பற்றி ஆய்வாளர்கள் ஏதோ ஒரு கணிப்பின் அடிப்படையில் பேசுகிறார்கள்: பவளம் மீளும் அல்லது மீளாது, மீன் பெருகும் அல்லது குறையும். அந்தக் கணிப்பின் பலனை அனுபவிப்பவர்கள் கரையோர வாடிகளில் இருக்கும் மீனவர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலின் போக்கையும், எந்தப் பாறைமேல் எந்த மீன் கூடும் என்பதையும் நாள்தோறும் பார்க்கிறவர்களும் அவர்களே. அந்த ஆட்களைத் திறந்த நாளுக்கு அழைத்து, கண்ணாடித் தொட்டியில் பவளத்துண்டைக் காட்டி அனுப்பினால் போதாது. அடுத்த ஐந்து ஆண்டில் உங்கள் கடலில் இன்னது நடக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம், உங்கள் அனுபவம் என்ன சொல்கிறது என்று கேட்கவேண்டும். இரண்டையும் எழுதி வைக்கவேண்டும்.

கிரகணம் ஓரிரவில் முடிந்துவிடும், கடலும் மண்ணும் நோயும் அப்படியா என்ற கேள்வி இங்கே எழும். இன்றைய ஆய்வு உறுதியாக ஒரு நிமிடத்தைச் சொல்லாது, சாத்தியங்களைத்தான் சொல்லும். இது நியாயமான தயக்கம். ஆனால் சாத்தியத்தையும் முன்கூட்டியே சொல்லலாம், ஐந்து ஆண்டு கழித்து அதே மக்கள் முன் அதை எடுத்துப் பார்க்கலாம். சில கணிப்பு பலிக்கும், சில பொய்க்கும். பொய்த்ததை ஏன் பொய்த்தது என்று விளக்கும் வளாகத்தின்மேல் மக்களுக்கு நம்பிக்கை குறையாது. எப்போதும் சரியாகவே இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் வளாகத்தைத்தான் காலப்போக்கில் யாரும் நம்பமாட்டார்கள். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டியது செலவில் மட்டுமன்று, தன் அறிவிலும்தான். வட்டுக்கோட்டையில் நடந்தது பாதிச் சோதனை. நடத்தியவர்கள் தங்களுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் சோதனைக்கு உட்பட்டார்கள். அந்தப் பாதியே இத்தனை விளைத்தது என்றால், எல்லாத் துறையிலும், எல்லாக் கரையிலும், இரு தரப்பும் சமமாக நின்று நடத்தும் முழுச் சோதனை எவ்வளவு விளைக்கும் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் செய்து பார்க்கவில்லை. அடுத்த திறந்த நாளின் நிகழ்ச்சி நிரலில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.