கணக்குத் தெரிந்த மேயரும் காலி கஜானாவும்

மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. வணிகவியல் படிக்கும் எல்லோருக்கும் முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் பாடம் இது. பாலம் கட்டுவது மூலதனச் செலவு. அதற்குக் கடன் வாங்கலாம், ஏனென்றால் பாலம் பல வருடம் நிற்கும். பாலத்தைக் கூட்டிப் பெருக்குபவரின் மாதச் சம்பளம் வருவாய்ச் செலவு. அதை அந்த வருட வரவிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இந்தச் சின்ன விதியை ஒரு மாநகராட்சி மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் 1975-ம் வருடத்து நியூயார்க் நகரம்.

1960-களில் அந்த நகரத்தின் நடுத்தர மக்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக வெளியேறின. வரி கட்டுபவர்கள் குறைய, உதவி தேவைப்படுபவர்கள் கூடினார்கள். வேறு பல இடங்களில் மாநில அரசே ஏற்கும் ஏழைகள் நலச் செலவில் ஒரு பங்கை இங்கே நகரமே கொடுக்க வேண்டியிருந்தது. மருத்துவமனைகள், கல்லூரிகள் என்று நகரம் நடத்திய அமைப்புகளும் ஏராளம். இவற்றுக்குச் செலவழித்ததைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. வரவு போதவில்லை என்பதை மறைத்தார்களே, அதுதான் தவறு.

மறைப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சம்பளம் போன்ற அன்றாடச் செலவுகளை மூலதனக் கணக்கில் எழுதிக் கடன் வாங்குவது. 1975-ல் இப்படி எழுதப்பட்ட தொகை 70 கோடி டாலருக்கும் மேல். இரண்டாவது, இன்னும் வராத வரியையும் மானியத்தையும் வரவாகக் காட்டிக் குறுகிய காலக் கடன் வாங்குவது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நியூயார்க்கில் அந்தச் சுரைக்காயை அடகு வைத்துப் பணமே வாங்கினார்கள்! பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் என்று போய், குறுகிய காலக் கடன் மட்டும் சுமார் 600 கோடி டாலரைத் தொட்டது.

அப்போது மேயராக இருந்தவர் ஏப்ரஹாம் பீம். அவர் படித்ததே கணக்கியல்தான். மேயர் ஆவதற்கு முன் நகரத்தின் பட்ஜெட் இயக்குநராகவும், இரண்டு முறை தலைமை நிதிக் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். அதாவது, கணக்குத் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது.

1975 வசந்த காலத்தில் வங்கிகள் கையை விரித்துவிட்டன. அதன் பிறகுதான் 'சிக்கனம்' வந்தது, அதுவும் கத்தி கழுத்துக்கு வந்த நிலையில். அங்கே போலீஸ்காரர்களும் மாநகராட்சி ஊழியர்கள்தான். ஜூன் கடைசியில் ஒரே நாளில் சுமார் 5,000 போலீசார் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பிறகு திரும்ப அழைக்கப்பட்டார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, தெருவில் குப்பை மலையாகக் குவிந்தது. தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது விதி. அதனால் அண்மையில்தான் அதிக அளவில் வேலைக்கு வரத் தொடங்கியிருந்த கறுப்பின மக்களும் பெண்களும் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள்.

அக்டோபர் 17-ம் தேதி நகரம் திவாலாக இன்னும் சில மணி நேரமே இருந்தது. ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் கடைசி நேரத்தில் சம்மதித்தார். ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வாங்கித்தான் நகரம் தப்பியது. முதலில் உதவ மறுத்த அதிபர் ஃபோர்டும் வருடக் கடைசியில் மனம் மாறி, ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை மத்திய அரசுக் கடன் தர ஒப்புக்கொண்டார்.

மாணவர்களும் தப்பவில்லை. நகரத்தின் கல்லூரிகளில் 1847-லிருந்து கல்விக் கட்டணம் கிடையாது. ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் பலர் அங்கே படித்துத்தான் முன்னேறினார்கள். பீம் கணக்கியல் படித்ததும் அங்கேதான், 1928-ல். 129 வருடம் நீடித்த அந்த இலவசக் கல்வி 1976-ல் நின்றது. தன்னை ஆளாக்கிய சலுகை தன் பதவிக் காலத்திலேயே முடிந்ததைப் பார்க்க வேண்டிய நிலை அவருக்கு! மறு வருடம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் அறிக்கை, மேயரையும் வங்கிகளையும் சேர்த்தே குற்றம் சாட்டியது. அடுத்த மாதமே கட்சியின் வேட்பாளர் தேர்தலில் பீம் தோற்றார்.

கடைசியில் நகரத்தைச் சீராக்கியதில் வெட்டுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு விதிகளுக்கும் உண்டு. பொதுவான கணக்கியல் முறைப்படியே பட்ஜெட் போட வேண்டும், நான்கு வருட நிதித் திட்டம் வேண்டும், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1981-ல் வரவும் செலவும் நேராயின.

சிக்கனம் என்றாலே அலுவலகத்தில் விளக்கை அணைப்பது, ஆளைக் குறைப்பது என்றுதான் நினைக்கிறோம். அவை தேவைப்படலாம். ஆனால் முதல் சிக்கனம் செலவை அதற்குரிய தலைப்பில் எழுதுவதுதான். பொய்க் கணக்கு எழுதியவர்கள் சிலர். அதற்கு விலை கொடுத்தவர்களோ பேரேட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத துப்புரவுத் தொழிலாளியும் கல்லூரி மாணவனும்.